லாகின் திரையிலேயே நின்றால் டிஸ்க் போய்விட்டதாக நம்பாதீர்கள்

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட், சுபுண்டு மாதிரி இலவச ஓஎஸ் ஏதாவது ஒன்றை வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறீர்கள். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே லாகின் திரை வந்து நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டுக் கடையில் "ஹார்டு டிஸ்க் அவுட்" என்றால் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். என் அப்பாவிடம் இப்படிச் சொல்லி 4,700 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

கணக்கு இது: புது 240 ஜிபி எஸ்எஸ்டி 2,400, 'டேட்டா ரெக்கவரி' 1,500, 'ஓஎஸ் லோடிங்' 800. பில் கிடையாது, துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும். "லினக்ஸ் எல்லாம் வீட்டுக்குச் சரிப்படாது சார், விண்டோஸ் போட்டுக் குடுத்துட்டோம்" என்று உபதேசம் வேறு. அப்பா ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்: "பழைய டிஸ்க்கைக் குடுத்துடுங்க தம்பி, அதுல என் பேங்க் பேப்பர் எல்லாம் இருக்கு." அதனால்தான் நடந்தது வெளியே வந்தது.

ஊருக்குப் போனதும் பழைய டிஸ்க்கை அதே கேபிளில் மாட்டி ஆன் செய்தேன். மின்ட் லோகோ வந்தது, லாகின் திரையும் வந்தது. இங்கேயே கடைக்காரர் சொன்னது இடிக்கிறது. அந்தத் திரையைக் காட்டுவது லைட்டிஎம் என்கிற லாகின் மேனேஜர். அது வரவேண்டுமென்றால் கெர்னல், கிராஃபிக்ஸ் டிரைவர், திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர் என்று சிஸ்டத்தின் முக்கிய பாகங்கள் எல்லாமே அந்த டிஸ்க்கிலிருந்து ஏறியிருக்க வேண்டும். பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் தப்பு என்று செய்தி வரும். செய்தி இல்லாமல் திரும்பி வருகிறது என்றால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதற்குப் பிறகு டெஸ்க்டாப் தொடங்குவதில்தான் சிக்கல்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு எழுத்துத் திரை ஒன்று வரும். அதில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தேன், உள்ளே விட்டது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையை ஹெச் சேர்த்து (df -h) அடித்துப் பார்த்தால், சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அவ்வளவுதான் வியாதி. 120 ஜிபி டிஸ்க்கில், சிஸ்டத்தை அவ்வப்போது காப்பி எடுக்கும் டைம்ஷிஃப்ட் என்ற செயலி எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுகள் பாதியை அடைத்திருந்தன, மீதியில் பேரன் பேத்திகளின் போட்டோக்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்கிற நிர்வாகி யூசருக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால் சிஸ்டம் எழுந்து லாகின் திரை வரை வந்துவிடுகிறது. ஆனால் டெஸ்க்டாப் தொடங்கும்போது அப்பாவின் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்அதாரிட்டி (.Xauthority) மாதிரி லாகினுக்குத் தேவையான சின்னச் சின்ன ஃபைல்களை எழுத இடமில்லை. உடனே செஷன் செத்து, பழையபடி லாகின். டைம்ஷிஃப்ட் கட்டளையிலேயே பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிவிட்டு ரீபூட் செய்தேன், அப்பாவின் டெஸ்க்டாப் வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

டிஸ்க் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்க்க வேண்டும். மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியிலேயே இருக்கிறது. பார்த்தேன், டிஸ்க் நலமாக இருக்கிறது. அதைவிட வயிற்றெரிச்சல், அந்தப் பழைய எஸ்எஸ்டிக்கு வாரண்டியே முடியவில்லை. நிஜமாகவே போயிருந்தால் கம்பெனியில் மாற்றித் தந்திருப்பார்கள். கடைக்காரர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

'ரெக்கவரி' என்று 1,500 வாங்கிய வேலையையும் பாருங்கள். அழிந்த ஃபைல்களை மீட்கும் போட்டோரெக் மாதிரிக் கருவியால் டிஸ்க்கைத் துழாவி மீட்டால் ஃபைலின் பெயர் மிஞ்சாது, எஃப் எழுத்தும் ஒரு நீள எண்ணுமாகத்தான் வரும். இவர்கள் கொடுத்த புது டிஸ்க்கில் 'அத்தை வீட்டு கிரகப்பிரவேசம்' என்று அப்பா தமிழில் வைத்த ஃபோல்டர் பெயர்கூட அப்படியே இருக்கிறது. டிஸ்க்கை மாட்டிக் காப்பி அடித்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. காப்பி ஆன டிஸ்க்கைத்தான் செத்துவிட்டது என்றார்கள்!

போட்டுக் கொடுத்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. லைசென்ஸும் திருட்டு. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரைத் திறந்து பார்த்தால் ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யாதே என்று விலக்கி வைத்திருந்தார்கள், லைசென்ஸ் இருப்பதாக ஏமாற்றும் ஆக்டிவேட்டர் அதற்குள்தான் இருந்தது. இந்த மெஷினில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்ப்பார். அந்த விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டேன்.

இதே மாதிரி லாகின் சுழலுக்கு வேறு காரணங்களும் உண்டு. டெஸ்க்டாப்பைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடு ஓட்டியிருந்தால் எக்ஸ்அதாரிட்டி ஃபைல் ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கும். அதை அழித்தால் அடுத்த லாகினில் தானாகப் புதிதாக உருவாகும். தற்காலிக ஃபைல்கள் போகும் டெம்ப் ஃபோல்டரின் (/tmp) அனுமதி, எல்லோரும் எழுதலாம் என்ற 1777 ஆக இல்லாமல் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். எழுத்துத் திரையில் இன்னொரு யூசரை உருவாக்கி அதில் டெஸ்க்டாப் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில் மட்டும்தான். லாகின் திரையே வராமல் வெறும் கறுப்பாக நின்றால் அது வேறு கதை, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். எதுவாக இருந்தாலும் லைவ் யுஎஸ்பியில் (டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து முக்கியமானதை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்றால் பழைய பாகத்தையும் பில்லையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்குப் போன் செய்தேன். "எங்க பையன் செக் பண்ணித்தான் சொன்னான் சார்." எதை வைத்து என்றால் பதில் இல்லை. பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி தனியாக ஆகும் என்றார். கேட்டும் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், அதனால்தான் கடையின் பெயரை இங்கே போடவில்லை. பதிந்த பிறகு கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். ரெக்கவரி பணத்தை மட்டும் திருப்பித் தருகிறார்களாம். எஸ்எஸ்டிக்கும் லோடிங்குக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். இதுவரை எதுவும் வரவில்லை.