ஆறு குழுக்கள், ஒரு விரிதாள்: ஐந்து கோடைகளின் அனுபவம்

மியன்மாரின் யாங்கோனில் எங்கள் கோவில் மண்டபத்தில், மார்ச் முதல் மே வரையிலான பள்ளி விடுமுறையில் நடக்கும் தமிழ் வகுப்பில், பிள்ளைகளைக் குழு பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து ஐந்து கோடைகள் ஆகின்றன. பள்ளியில் பர்மிய மொழியில் படிப்பவர்கள் என்பதால், பாட்டியோடு வளரும் பிள்ளை சரளமாகப் பேசினாலும் ஓர் எழுத்தும் அறியாதிருக்கும். வேறொரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும், ஆனால் வாய் திறக்காது. இவர்களைக் கலந்து அமர்த்தினால்தான் குழுப்பயிற்சி நடக்கும். இதற்கு நான் பயன்படுத்துவது லிப்ரேஆஃபிஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருள். இலவசம், இணையமும் வேண்டியதில்லை.

முதல் கோடையில், தற்செயல் எண்ணைத் தரும் 'ரேண்ட்' சார்பால் குலுக்கிப் பிரித்தேன். சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டு, மறுநாள் அதே தாளில் வருகையைப் பதிந்தபோது எல்லாருடைய குழுவும் மாறியிருந்தது. எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் அந்தச் சார்பு புதிய எண்ணைத் தரும் என்பதும், மதிப்புகளை மட்டும் நகலெடுத்து ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் அதன்பிறகே தெரிந்தது.

அடுத்த ஆண்டு முதல் குலுக்கலை விட்டுப் பாம்பு முறைக்கு மாறினேன். இருபதுக்கு நடத்தும் வாசிப்புத் தேர்வின் மதிப்பெண்ணை இறங்கு வரிசையில் அடுக்கி, முதல் ஆறு பேரை 1 முதல் 6 வரையிலான குழுக்களிலும், அடுத்த ஆறு பேரை 6 முதல் 1 வரை திரும்பி வரும் வரிசையிலும் சேர்ப்பதே அது. முதலாமவரும் பன்னிரண்டாமவரும் ஒரு குழு, ஆறாமவரும் ஏழாமவரும் ஒரு குழு. இந்தப் பன்னிரண்டு பேரில், எந்தக் குழுவிலும் இருவரின் தர எண்களைக் கூட்டினால் 13 வரும். வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்து, அந்த மீதியோடு ஒன்றைக் கூட்டியதும், பன்னிரண்டிலிருந்து அதே மீதியைக் கழித்ததும் ஆகிய இரண்டில் சிறியதை எடுத்தால் குழு எண் கிடைத்துவிடும். எழுபத்திரண்டு பேரை ஒரு நொடியில் பிரித்துவிடும்.

ஆனால் அண்ணன் தங்கையைச் சேர்த்து வைக்க வேண்டும், சண்டைக்காரர் இருவரை விலக்க வேண்டும் என்று கையால் மாற்றத் தொடங்கியதும் சமநிலை குலையும். சராசரி மட்டும் பார்த்து ஒருமுறை ஏமாந்தேன்: ஆறு குழுக்களின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, ஒரு குழுவில் வாசிக்கவே தெரியாதவர் ஏழு பேர், மற்றொன்றில் இருவர். அன்று முதல் ஐந்துக்குக் கீழ் எடுத்தவர்களை, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை எண்ணும் 'கவுண்ட்இஃப்ஸ்' சார்பைக் கொண்டு குழுவாரியாக எண்ணி, நான்கைத் தாண்டினால் சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன். ஒருவரை இடம் மாற்றினால் அதனால் எந்தக் குழு நலியும் என்பது அப்போதே கண்ணில் படுவதுதான் இந்தத் தாளால் எனக்குக் கிடைத்த பெரிய பயன்.

உண்மையான தொல்லை பெயர்களில்தான். இங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயர். குடும்பப் பெயர் என்பதும் இல்லாததால், மோ மோ என்று மூவர் இருந்தால் தந்தை பெயரைக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். போதாதற்கு, 2019 அக்டோபர் 1 யூனிகோடுக்கு மாறும் நாளென அறிவிக்கப்பட்ட பிறகும், பழைய பட்டியல்கள் யூனிகோடோடு ஒத்துப்போகாத சௌஜி என்னும் பர்மிய எழுத்துருவில் கிடக்கின்றன. ஒரே பெயரானாலும் உள்ளே குறியீடு வேறு என்பதால் தேடும் சூத்திரம் 'இல்லை' என்கிறது, அகரவரிசையும் கலைகிறது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கொண்டே எல்லாவற்றையும் இணைக்கிறேன். பெயர் கண்ணுக்கு மட்டுமே.

நிபந்தனைகளுக்கு ஏற்ற தீர்வைத் தானே தேடும் 'சால்வர்' வசதியையும் முயன்றேன். எழுபத்திரண்டு பேருக்கு ஆறு குழு என்றால் 432 ஆம்-இல்லை முடிவுகள்; என் பழைய மடிக்கணினியில் அரைமணி நேரம் ஓடியது, பிறகு மின்சாரம் போய்விட்டது. மீண்டும் தொடவில்லை.

முப்பது பேருக்குக் குறைவென்றால் இவ்வளவும் வீண்வேலை. துண்டுச் சீட்டுகளில் பெயரும் மதிப்பெண்ணும் எழுதி மேசையில் பாம்பு வரிசையில் பரப்புவதே விரைவானது. பர்மியப் புத்தாண்டான திங்யான் விடுமுறை முடிந்து பாதிப் பிள்ளைகளே திரும்பி வந்திருந்த ஒரு மாலையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்படித்தான் பிரித்தேன்.