மறுவீட்டு விருந்துக்கு முன்கூட்டியே: இறால் தொக்கா, மீன் கட்லெட்டா?

வைகாசி முகூர்த்தம் என்றால் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு ஒரு கவலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடைக்கு முன்பே வாங்கி, பக்குவம் செய்து ஃப்ரீசரில் வைப்பதே வழி. எதை வைப்பது?

செலவு: இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். கட்லெட்டுக்குப் பாறை மீன் போதும், உருளைக்கிழங்கும் கைகொடுக்கும்.

தாங்கும் தன்மை: கட்லெட்டை ரஸ்க் தூளில் புரட்டி, பொரிக்காமல், தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டுப் பிறகு டப்பாவில் அடுக்கினால் ஒரு மாதம் நன்றாகவே இருக்கும். இறால் அப்படியல்ல. இருமுறை வெந்தால் ரப்பர்தான். என் தங்கை திருமணத்தில் வெந்த தொக்கை முழுதாக உறையவைத்து, சூடாக்கியபோது இறால் சுருண்டு மெல்லவே முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வெங்காயம் தக்காளி மசாலாவைத் தனியாகவும், உரித்த பச்சை இறாலைத் தனியாகவும் சிறு பொட்டலங்களாக வையுங்கள். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்; வெளியே வைத்து உருகவிட வேண்டாம்.

பந்தி நேரத்தில்: கட்லெட்டை உருகவிடாமல் சிறிது சிறிதாகப் பொரிக்க வேண்டும், அடுப்படியில் ஆள் நின்றாக வேண்டும். தொக்கு கொதித்ததும் இறாலைப் போட்டால் ஐந்து நிமிடம்.

மாலை வரவேற்பு பஃபேக்குக் கட்லெட். சோறு போடும் மதிய விருந்துக்கு, கை கொஞ்சம் தாராளமென்றால், தொக்குதான்.