மூன்று பவுன் முறுக்குச் செயினும் அதன் கொக்கியும்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தம் மகளுக்குச் செயின் எடுக்கப் போகிறார். என் கழுத்தில் கிடக்கும் முறுக்குச் செயினைப் போலவே எடுக்கலாமா என்று கேட்டார். சௌகார்பேட்டைப் பட்டறையில் அதைச் சரிசெய்து வாங்கி வந்த சூட்டில் இருந்ததால், என்னால் உடனே ஆமென்று சொல்ல முடியவில்லை.

செயினின் நெளிவிலோ நிறத்திலோ எனக்குக் குறை இல்லை. சட்டைக் காலரில் சிக்காது, படுத்து எழுந்தாலும் முடிச்சு விழாது. டாலரைக் கழற்றிவிட்டு வெறுமனே போட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும். குறை முழுவதும் கொக்கியில்தான். 24 கிராம் பொன்னை இவ்வளவு அழகாக முறுக்கத் தெரிந்தவர்கள், அத்தனையையும் தாங்க வேண்டிய எஸ் கொக்கிக்கும் அது மாட்டும் கடைசி வளையத்துக்கும் மட்டும் குண்டூசி அளவுக் கம்பியை ஏன் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன்னே இருப்பதால் அது இயல்பிலேயே மென்மையானது. பொன்னோடு பொன் ஓயாமல் உரசுகிற இடங்கள் கொக்கியும் டாலர் தொங்கும் வளையமும்தான் என்பதால், மற்ற இடங்களில் தேய்மானம் கண்ணுக்கே தெரியாதபோது இங்கே மட்டும் வளையம் ஒரு பக்கம் நூலாக இளைத்து, கொக்கியின் வாய் தானாகவே விரிந்துகொண்டது. கனமான கொக்கி போட்டால் எடையும் விலையும் ஏறும், வாங்குகிறவர்களே அதை விரும்புவதில்லை என்கிறார்கள். அது நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் சேதாரத்தை மட்டும் கொக்கியையும் சேர்த்த மொத்த எடைக்குத்தானே போடுகிறார்கள்? கொக்கி வலுவில்லாமல் இருந்தால் யாராவது பறித்து இழுக்கும்போது கழுத்தாவது தப்பும் என்று விற்பனையாளர் ஒருவர் சமாதானம் சொன்னார். திருடனின் வசதிக்காகச் செயின் வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

எதிர்பாராத மகிழ்ச்சி பட்டறையில் கிடைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. என் செயின் அதற்குப் பிறகு எடுத்தது. அந்த எழுத்துகளும் எண்களும் கொக்கியை ஒட்டிய சிறு தகட்டில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பத்தர் கத்தரியை எடுப்பதற்கு முன்பே லென்ஸில் அதைப் பார்த்துவிட்டு, தகட்டோடு சேர்த்து வெட்டினால் முத்திரை போய்விடும் என்று சொல்லி, தகட்டை விட்டுவைத்து வளையத்தையும் கொக்கியையும் மட்டும் மாற்றிப் பற்றவைத்தார். வேலைக்கு முன்னும் பின்னும் என் கண்ணெதிரே எடை போட்டு, வெட்டிய துண்டுகளையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஹால்மார்க்கைச் சரிபார்க்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு தரும் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது விவரம் சரியாகவே வந்தது. விற்ற கடையில் இதில் பாதிப் பொறுமையைக்கூட நான் காணவில்லை.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நம் பக்கத்து வெயிலில் வியர்வையும் பவுடரும் முறுக்குக்குள் புகுந்து மங்கவைக்கும் என்பதால், பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பருத்தித் துணியில் ஈரம் போக உலர்த்தினால் போதும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளில் கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனெனில் குளோரின் பொன்னோடு கலந்த செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்திய இடத்தில் செயினோடு குனியவே கூடாது. பட்ட இடம் வெளுத்து நொறுங்கும். தெருவில் வந்து மெருகு போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்களுடைய திராவகத்தில் கரைவது அழுக்கு மட்டுமல்ல.

இத்தனை நல்லது சொன்ன பிறகும் அக்காவிடம், "இந்தச் செயினை எடுக்காதீர்கள்" என்றுதான் சொன்னேன். மகள் முறுக்குதான் வேண்டும் என்று நின்றால், டிசைனைப் பார்ப்பதற்கு முன் கொக்கியையும் கடைசி வளையத்தையும் விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நண்டுக் கொடுக்குபோல் மூடும் லாப்ஸ்டர் கொக்கியைக் காட்டினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பொன்னல்ல என்பதால் அதன் எடையைக் கழித்துத்தான் பில் போடுகிறார்களா என்றும் கேட்கச் சொன்னேன்.