பர்மா தேக்கு கல்லாப்பெட்டி என்று நம்பி ஏமாந்தேன்

பழைய பொருள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். பாட்டியின் சுங்குடிச் சேலை, அப்பாவின் சாவி கொடுக்கும் ஹெச்எம்டி வாட்ச் இரண்டும் இன்றும் என் புழக்கத்தில்தான். முன்னறைக்கு ஒரு கல்லாப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டோவும் கூடவே குரல் பதிவும் அனுப்பினார். "செட்டிநாட்டுல ஒரு வீட்டை இடிச்சப்போ வந்ததுங்க. அசல் பர்மா தேக்கு, நூறு வருஷத்துக்குக் குறையாது." 22,000 சொன்னார், பேசிப் பேசி 18,500-க்கு முடித்தேன். நேரில் போய்ப் பார்க்காமல் இல்லை. பார்த்தது இருட்டிய பிறகு, கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே.

மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். டீ டிகாக்‌ஷனில் முக்கியது மாதிரி துணி பழுப்பானது. பழைய அழுக்குதானே என்று பார்த்தால் மூன்றாவது துணியிலும் அதே நிறம்.

கதவு சரிசெய்ய வந்த ஆசாரி பெட்டியைக் கவிழ்த்து உளியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே வெளுத்த மரம், தேக்கின் வாசனை துளியும் இல்லை. கீலைக் காட்டி, "ஏம்மா, நூறு வருஷப் பெட்டில ஸ்டார் ஸ்க்ரூ எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தேன், தலையில் கூட்டல் குறி வெட்டிய அந்த ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-ல்தான். ரிப்பேரில் மாற்றியிருக்கலாமே என்று நானே கடைக்காரருக்கு வக்காலத்து வாங்கினேன், வெட்கக்கேடு! ஆசாரி ஒன்றைக் கழற்றிக் காட்டினார், பழைய ஸ்க்ரூ இருந்த தடமே இல்லை. 'பூச்சி அரித்த' துளைகளில் ஊசியை விட்டால் எல்லாம் நேராக, ஒரே ஆழத்துக்கு இறங்குகிறது. டிரில்லிங் மெஷின் வேலை. மூலைகளில் 'பித்தளை'ப் பட்டை. ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. அசல் பித்தளையில் காந்தம் ஒட்டாது.

கடைக்குப் போன் செய்தால், "நீங்க கண்ணால பார்த்துத்தானே மேடம் எடுத்தீங்க?" பில்லை எடுத்துப் பார்த்தேன். 'மரப்பெட்டி – 1'. அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், பையில் ஒரு காந்தம் இருக்கட்டும், பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். என்ன மரம், எவ்வளவு பழையது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தேக்கு என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுத்தில் இல்லை. அந்தக் குரல் பதிவு மட்டும் அழியாமல் இருக்கிறது.