வெயில் தூக்கும், வண்டி அழுத்தும்: செங்கல் ரயில் பாலத்தில் ஆறு வருஷம் அளந்த அனுபவம்

ஏழு கண் (ஏழு வளைவு) பாலம் ஒன்று. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, நூறு வயது தாண்டியது. ஆறு வருஷமாக அதில் கருவிகளைக் கட்டி அளந்துகொண்டிருக்கிறேன். எதை வாங்கலாம் என்று ஆள் மாற்றி ஆள் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பாலத்தின் பெயர் வேண்டாம். செங்கோட்டை–புனலூர் பாதையில் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு ஜாடை தெரியும். அந்தப் பாதை 1904இல் மீட்டர்கேஜாகத் திறந்தது, 2018 முதல் அதே தடத்தில் அகலப்பாதை வண்டி ஓடுகிறது. கட்டியவர்கள் கணக்கில் இல்லாத பாரம் இன்று மேலே போகிறது, பழைய பாலங்களை அளக்க வேண்டியிருப்பதே இதனால்தான்.

முதலில் கண்ணாடித் துண்டு. விரிசலுக்குக் குறுக்கே சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி விடுவது. காசே இல்லை. ஆனால் உடைந்தால் ஏன் உடைந்தது என்று அது சொல்லாது. எங்கள் மூன்றாம் கண்ணில் ஒட்டிய முதல் துண்டு இரண்டே வாரத்தில் போய்விட்டது, எல்லோரும் பதறினோம். பார்த்தால் மேற்கு வெயில் நேராக விழுகிற பக்கச்சுவர் அது, மத்தியானம் கையை வைக்க முடியாது. வண்டி உடைத்ததா, சூடு உடைத்ததா, ஆடு மேய்க்கிற பையன் கல் எறிந்தானா, இன்றுவரை தெரியாது.

அப்புறம் எல்விடிடி, அதாவது இடப்பெயர்ச்சியைக் கம்பி முனையால் தொட்டு அளக்கிற உருளை. வளைவின் உச்சி எவ்வளவு இறங்குகிறது, கால்கள் எவ்வளவு விலகுகின்றன என்று இதில்தான் பார்க்கிறோம். பாரச் சோதனையில் ரயில்வே வைத்திருக்கும் வரம்பு உச்சிக்கு 1.25 மி.மீ., காலுக்கு 0.4 மி.மீ. வண்டி போனதும் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கருவி அருமை, நான் செய்ததுதான் முட்டாள்தனம்: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதியும்படி லாகரை, அதாவது அளவுகளைத் தானாகப் பதிகிற பெட்டியை, அமைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற அச்சு ஒன்பது மீட்டர் கண்ணை அரை நொடியில் கடந்துவிடும். மூன்று மாதத்தில் ஒரு வண்டி கூட மாட்டவில்லை!

ஆனால் அந்த வீணாய்ப்போன மூன்று மாதம்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது. பகலில் உச்சி கால் மில்லிமீட்டர் எழுகிறது, விடிகாலையில் இறங்குகிறது. வேகத்தைக் கூட்டி, நொடிக்கு இருநூறு தடவை பதிந்த பிறகு பார்த்தால் சரக்கு வண்டி அழுத்துவது 0.4 மி.மீ.க்குள்தான். வெயில் தூக்குவதற்கும் வண்டி அழுத்துவதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வெப்பமானி வைக்காமல் பாலத்தை அளப்பவர் பாதி நாள் சூரியனைத்தான் அளக்கிறார்.

ஒளியிழை சென்சார் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மார்ஷ் லேன் வயடக்டில் (பல வளைவு ரயில் பாலம்) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இதை ஒட்டி வளைவுகள் அசைவதைப் பார்த்தார்கள், அதைப் படித்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. ஒரே இழையில் பல இடங்களின் நீட்சி கிடைக்கும், மேலே மின்கம்பி இருந்தாலும் இரைச்சல் ஏறாது. ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய எட்டு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் எட்டு பங்கு) நீண்டது போல அது காட்டும். வண்டி கடக்கிற பத்து நொடிக்கு இது தொல்லை இல்லை, வருஷக்கணக்கான போக்கைப் பார்க்கும்போது ஆளைக் குழப்பிவிடும். அதோடு ஈரச் செங்கல்லில் பசை நிற்கவில்லை, முதல் ஐப்பசி மழையிலேயே பாதி உரிந்துவிட்டது. இப்போது திருகுப் பிடி போட்டு, இரண்டு பிடிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன், நான்கு வருஷமாகப் பிரச்சினை இல்லை. இணைப்புப் பெட்டிக்குள் எறும்பு புகுவது மட்டும் தீரவில்லை.

பாலம் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடுகிற கணினி மாதிரிக்கு வருகிறேன். எங்கள் முதல் மாதிரி சொன்ன இறக்கம் அளந்ததில் பாதிதான். இரண்டு மாதம் செங்கல்லின் விறைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தோம், உண்மையில் மாதிரியை அளவுக்கு வளைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கிற கீமேன் அண்ணன் ஒருவர் வண்டி போகும்போது மூன்றாம் கண்ணின் அடியில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "சார், மத்ததெல்லாம் சும்மா இருக்கு, இந்தக் கண்ணு மட்டும் இருமுது" என்றார். குனிந்து பார்த்தேன், செங்கல் வரிசைகளுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. துளை போட்டு எடுத்தோம். முகப்பில் ஐந்து அடுக்கு தெரிகிறது, உள்ளே நான்குதான், அதிலும் அடி அடுக்கு மேலடுக்கிலிருந்து பிரிந்துபோயிருந்தது.

வளைவுப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மெக்ஸி (MEXE) என்கிற எளிய சூத்திர முறையில் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவும். அதில் வளைவின் தடிமனையும் மேலே உள்ள மண்ணையும் கூட்டி வர்க்கம் எடுக்கிறோம், அதனால் முகப்பை நம்பி ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டதில் எங்கள் பாலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு தாங்குதிறன் சும்மா கிடைத்திருந்தது. அடுக்கைத் திருத்தி, பிரிந்துபோன இடத்தையும் கணினி மாதிரியில் சேர்த்ததும் இறக்கம் அளவோடு ஒட்டி வந்தது.

ஆக, கையில் குறைந்த பணம் இருந்தால் நான்கு எல்விடிடி, ஆறு வெப்பமானி, வேகமான லாகர் ஒன்று, மிச்சத்தைத் துளை போட வைத்துக்கொள்ளுங்கள். ஒளியிழை அதற்குப் பிறகு. சாந்து ஏற்றி இறுக்கிய மூன்றாம் கண்ணில் மறுபடியும் கண்ணாடி ஒட்டியிருக்கிறோம், இந்தத் தடவை நிழல் பக்கம். முழுசாகவே இருக்கிறது, மழையில் தேதிதான் அழிந்துவிட்டது, அடுத்த முறை பெயின்டில் எழுத வேண்டும்.