பெட்ரோல், ஈயம், லித்தியம்: எடைக்கு எவ்வளவு கரன்ட்?

கரன்ட் போனால் சமாளிக்க பெட்ரோல் ஜெனரேட்டர், டியூபுலர் என்ற ஈய பேட்டரி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்று மூன்றையும் வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். எதில் கிலோவுக்கு எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்று சொல்லும் ஆற்றல் அடர்த்திப் பட்டியலை யாராவது காட்டி "பெட்ரோலை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றால் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

பட்டியல்படி, ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் இருக்கிறது. ஈய பேட்டரியில் கிலோவுக்கு 30 முதல் 40 வாட் அவர்தான் (ஆயிரம் வாட் அவர் சேர்ந்தால்தான் ஒரு யூனிட்). முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஆனால் லிட்டருக்கு 9 யூனிட் உள்ள பெட்ரோலை ஊற்றினால் சின்ன ஜெனரேட்டர் திருப்பித் தருவது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அதுவும் நல்ல லோடு இருந்தால்தான். சாதாரண ஜெனரேட்டரில் வீட்டுக் கரன்ட்டுக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் வர எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆகணும். ஒரு ஃபேன், இரண்டு விளக்குக்காகவும் அதே ஓட்டம்தான். ராத்திரி முழுக்க அப்படி ஓடவிட்டு காலையில் டேங்கைத் திறந்து பார்த்தால் வயிறு எரியும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் வீட்டுக்குள் வைக்கவும் கூடாது.

டியூபுலர் பேட்டரியில் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர்) என்று போட்டிருந்தால், இரண்டையும் பெருக்கினால் கணக்குக்கு 1.8 யூனிட். அது மெதுவாக, பல மணி நேரமாக இழுத்தால் கிடைப்பது. ஒரே மணி நேரத்தில் உறிஞ்சினால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ஆயுள் நீடிக்கணும் என்றால் பாதியிலேயே நிறுத்தணும். இதற்கு ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, டிஸ்டில்டு வாட்டர், டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடி வேறு.

லித்தியத்தில் 1.28 யூனிட் பேக் பதினொன்று, பன்னிரண்டு கிலோதான். ஏறக்குறைய முழுசையும் எடுக்கலாம். ஒரே எரிச்சல், வோல்டேஜ் கடைசிவரை அசையாமல் நிற்கும். வோல்ட் மீட்டரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். திடீரென்று கட் பண்ணிவிடும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது.

ஹைட்ரஜன்? கிலோவுக்கு 33 யூனிட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 700 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் லிட்டருக்கு ஒன்றேகால் யூனிட் சொச்சம்தான், தாங்கும் டேங்கின் எடையோ உள்ளே இருக்கும் வாயுவைப் போல் பல மடங்கு. சோலார் பேனலை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தப்பு. அது எதையும் சேமித்து வைப்பதில்லை.

அதற்காக ஜெனரேட்டரை விற்றுவிடவில்லை. ஐந்து லிட்டர் பெட்ரோல் நாலு கிலோகூட வராது. அத்தனை வீணாக்கியும் எட்டு யூனிட் தருகிறது. அதையே லித்தியத்தில் வைக்க எழுபது கிலோ தூக்கணும். அதனால் தினசரி கரன்ட் கட்டுக்கு லித்தியம், நாள்கணக்கில் கரன்ட் வராவிட்டால் ஜெனரேட்டர். சும்மா நிற்கும்போது டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்துவிடுவேன். பழைய பெட்ரோல் கார்புரேட்டரின் ஜெட் என்ற சின்னத் துளையில் பிசின் மாதிரி படிந்துவிட்டால் கயிறு இழுத்து இழுத்துத் தோள்தான் போகும்.