பிவிசி குழாய்த் தொலைநோக்கியும் சூரியப் புள்ளிகளும்

80 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் உள்ள வில்லை, ஒரு பிவிசி குழாய், தச்சர் பூவரசு மரத்தில் செய்து கொடுத்த தாங்கி. பாளையங்கோட்டை மொட்டை மாடியில் சில ஆண்டுகளாக என் சூரியத் தொலைநோக்கி இதுதான். வில்லையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடாய்ப் படுத்துவது காற்று.

காலை ஒன்பது மணிவரை சூரியப் புள்ளியின் கரிய நடுவும் அதைச் சுற்றிய சாம்பல் நிற ஓரமும் தனித்தனியே தெரியும். தளம் சூடேறிவிட்டால் சூரியனின் விளிம்பே நெளியத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு விலையுள்ள கேமராவும் வீண். பயிர் நிற்கும் வயல் பக்கம் போனால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட் அவசியம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது கழுத்து வலிதான் மிச்சம்.

ஆடிக் காற்றில், சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டித் தாள் ஒட்டிய மூடி கழன்றால் கண் போய்விடும். அதனால் திருகு போட்டு முடுக்கியிருக்கிறேன். வடிகட்டித் தாள் வில்லைக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். கண்ணருகு வில்லையில் மாட்டும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கக்கூடியது. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தாளில் சுருக்கம் இருந்தால் பாதகமில்லை, விறைப்பாக இழுத்து ஒட்டினால்தான் படம் கெடும். ஊசித்துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் பார்த்துவிடுவேன். குறிபார்க்கத் தனிக் கருவி தேவையில்லை: குழாயின் நிழல் சுருங்கி வட்டமானால் சூரியன் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

கேமராவை நேராகப் பொருத்தினால் சூரியன் சுமார் 8 மி.மீ. வட்டமாக விழுகிறது. பச்சை வடிகட்டி சேர்த்தால் நிறப் பிசிறு அடங்கும். சிறு வீடியோ எடுத்து, தெளிவான சட்டகங்களை மட்டும் மென்பொருளில் அடுக்குவேன்.

ஆனால் ஒற்றைப் படத்தின் கூர்மையைவிட நாள்தோறும் எடுப்பதில்தான் ருசி. 2024 மே மாதம் 3664 என்ற புள்ளிக் கூட்டம், பூமியைப் போல் சுமார் 15 மடங்கு அகலத்தில், கிரகணக் கண்ணாடியிலேயே தெரிந்தது. மேற்கு விளிம்பில் மறைந்தது, மாதக் கடைசியில் கிழக்கிலிருந்து 3697 என்ற புது எண்ணோடு திரும்பியது. சூரியன் சுழல்வதை நம் படங்களிலேயே பார்த்துவிடலாம். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் இப்படித்தான் சூரியனைப் படமெடுத்து வருகிறது.

புள்ளிகள் கூடிக் குறையும் சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இனிப் புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். செய்ய நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்; காசைப் பெரிய வில்லையில் கொட்டாமல், நல்ல வடிகட்டித் தாளுக்கும் ஆடாத தாங்கிக்கும் செலவழியுங்கள்.